செவிலியர் மாணவியரிடம் கேட்கப்படும் ஒரு வினா: ‘மாற்று மருத்துவம்’ என்ற சொல்லும் இந்தியச் செவிலியர் கல்வியும்

இந்தியாவின் செவிலியர் கல்லூரிகளில் எழுதப்படும் முதுநிலை ஆய்வேடுகளின் பட்டியலைப் புரட்டும் எவருக்கும் ஒரு தலைப்பு திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: நிரப்பு மருத்துவம், மாற்று மருத்துவம் ஆகியவை குறித்துச் செவிலியர் மாணவியரின் அறிவு, மனப்பாங்கு, பயன்பாடு. கல்லூரி மாறும், ஆண்டு மாறும், மாதிரியின் அளவு மாறும். வினாப்பட்டியலின் உருவம் பெரும்பாலும் மாறுவதில்லை. யோகம், ஆயுர்வேதம், ஓமியோபதி, அக்குபங்சர், நறுமண எண்ணெய்ச் சிகிச்சை, இசைச் சிகிச்சை என்று ஒரு வரிசை. ஒவ்வொன்றுக்கும் சரி, தவறு, தெரியாது என்று மூன்று கட்டங்கள். இறுதியில் போதுமான அறிவு, மிதமான அறிவு, போதாத அறிவு என்று மூன்று தட்டுகள். இத்துறையைப் பாடத்திட்டத்தில் இன்னும் விரிவாகச் சேர்க்க வேண்டும் என்ற பரிந்துரையோடு ஆய்வேடு நிறைவுறும்.

இவ்வாய்வுகளை எள்ளுவது என் நோக்கமன்று. ஈராண்டுப் படிப்புக்குள், வார்டுப் பணிக்கும் தேர்வுக்கும் இடையே, ஒரு மாணவி செய்யக்கூடிய ஆய்வு இதுவே. ஆனால் வரலாற்றுத் துறையிலிருந்து இவற்றைப் படிப்பவருக்கு ஓர் ஐயம் எழாமல் இராது. ‘நீங்கள் மாற்று மருத்துவத்தைப் பயன்படுத்தியதுண்டா?’ என்று கேட்கும்போது, எதற்கு மாற்று என்று யார் முடிவு செய்தார்கள்? வீட்டில் பத்திய உணவும் கஷாயமும் எண்ணெய்க் குளியலும் அன்றாடமாய் இருக்கும் ஒரு பெண், அவற்றை மருத்துவம் என்றே எண்ணாதவள், அக்கட்டத்தில் ‘இல்லை’ என்று குறியிடுவாள். அவள் பொய் சொல்லவில்லை. வினாவுக்கும் அவளுக்கும் பொதுவான மொழி இல்லை; அவ்வளவே. (மாணவியர் என்றே எழுதுகிறேன். இத்துறையில் இளைஞர்களும் பயில்கிறார்கள். பெரும்பான்மை கருதி இவ்வழக்கு.)

அந்த மொழி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், செவிலியர் தொழிலின் வரலாறும் உடன் வருகிறது. சற்று நீண்ட பதிவு, பொறுத்தருள்க.

முதலில் சொற்கள். சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம், ஒன்பதாம் அத்தியாயம், சிகிச்சைக்கு நான்கு கால்களைச் சொல்கிறது: மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர், நோயாளி. பேணுபவருக்கு நான்கு பண்புகள் வேண்டும்: பணிவிடை அறிவு, கைத்திறன், அன்பு, தூய்மை. அந்த அத்தியாயம் மருத்துவரையே தலைமையாக வைக்கிறது என்பதையும் மறக்கலாகாது. திருக்குறளின் மருந்து அதிகாரத்து இறுதிக் குறளும் இந்நான்கையும் கூறுகிறது. ஆனால் நோயாளியை முதலில் நிறுத்துகிறது. பேணுபவர் அங்கே ‘உழைச்செல்வான்’. பக்கத்திலேயே இயங்குபவர் என்பது பொருள். நம் காலத்தில் நர்ஸ் என்பதற்குத் தமிழ் தேர்ந்துகொண்ட சொல் இதுவன்று; சங்க அகப்பாடல்களின் வளர்ப்புத்தாயான செவிலியை அழைத்து வந்தோம். இந்தி, பரிசாரிகா என்று மருத்துவ நூல்களின் வழக்கையே எடுத்துக்கொண்டது. ஒரு தொழிலுக்கு அறிவின் பெயரைச் சூட்டுவதற்கும் தாய்மையின் பெயரைச் சூட்டுவதற்கும் வேறுபாடு உண்டு. அதைத் தனியே எழுத வேண்டும்.

சரகத்தின் பதினைந்தாம் அத்தியாயம் இன்னும் விரிவானது. சிகிச்சை இல்லம் ஒன்றை எப்படி அமைப்பது என்று விளக்கும் பகுதியில், சோறும் பருப்பு ரசமும் சமைக்க, நீராட்ட, உடம்பு பிடித்துவிட, தூக்கி உட்காரவைக்க, மருந்து அரைக்கத் தெரிந்த பணியாளர்கள் வேண்டும் என்கிறது; பாடுபவர்களும் கதை சொல்பவர்களும்கூட வேண்டுமாம். சுசுருத சம்ஹிதை பேணுபவரின் இயல்புகளுள் ஒன்றாக அருவருப்பின்மையைச் சேர்க்கிறது. இந்த ஒரு சொல்லில் நின்று யோசிக்க வேண்டும். சீழையும் மலத்தையும் கண்டு முகம் சுளிக்காதவர் தேவை என்று நூல் கேட்டது. அப்பணியைச் செய்தவர்களைத் தீட்டுக்குரியவர்கள் என்று சமூகம் ஒதுக்கியது. பேறுகாலம் பார்த்த தாயிகளின் சாதி நிலையை வட இந்திய ஆவணங்கள் எங்கும் காணலாம். ஆகவே ‘நம் மரபில் அன்றே செவிலியம் இருந்தது’ என்று கருத்தரங்க முன்னுரைகளில் வாசிக்கப்படும் வாக்கியத்தை நான் பாதியே ஏற்கிறேன். நூலில் கருத்து இருந்தது. அதைத் தாங்கும் மதிப்புள்ள தொழில் உருவாகவில்லை.

இனி மறுகரை. நவீனச் செவிலியத்தின் மூலநூலாகக் கருதப்படும் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் ‘செவிலியம் பற்றிய குறிப்புகள்’ 1859 இறுதியில் வெளிவந்து 1860இல் பரவியது. அந்நூலில் மருந்துக்கு இடம் மிகச் சிறிது. காற்று, வெளிச்சம், வெப்பம், அமைதி, உணவு, படுக்கை, தூய்மை ஆகியவையே அத்தியாயங்கள். குணமாக்குவது இயற்கை, அது இயங்குவதற்குத் தக்க நிலையில் நோயாளியை வைப்பதே செவிலியின் வேலை என்பது அவர் நிலைப்பாடு. இன்று ஓர் இயற்கை மருத்துவ நிலையத்தின் அறிமுகக் கையேட்டில் இக்கருத்தை அச்சிட்டால் யாரும் வியக்கமாட்டார்கள். அந்நூலில் ஓமியோபதியைப் பற்றியும் அவர் ஓரிடத்தில் பேசுகிறார். வீட்டுப் பெண்கள் தம் குடும்பத்துக்கு மருந்து கொடுத்தே தீருவார்களெனில் ஓமியோபதி உருண்டைகளைக் கொடுக்கட்டும், அவற்றால் தீங்கு நேராது என்கிறார். பாராட்டா, கிண்டலா என்று பிரித்தறிவது எளிதன்று. இரண்டும் கலந்தது என்பதே என் வாசிப்பு. எப்படியாயினும், நவீனச் செவிலியமும் ‘மாற்று’ மருத்துவமும் எதிரெதிர்க் கரைகளில் பிறந்தவை என்ற எண்ணத்தை அந்நூலே ஐயத்துக்குள்ளாக்கிவிடுகிறது.

ஆனால் இந்தியாவுக்கு வந்த செவிலியம் நூலின் வடிவில் வரவில்லை. இராணுவ மருத்துவமனை, மிஷன் மருத்துவமனை, அரசுப் பிரசவ மருத்துவமனை என்ற நிறுவனங்களின் வடிவில் வந்தது. 1885இல் டஃபரின் நிதி. 1903இல், கர்சன் சீமாட்டியின் முயற்சியில், தாயிகளுக்குப் பயிற்சி தரும் விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதி. இரண்டின் அறிக்கைகளிலும் உள்ளூர் மருத்துவச்சி ஒரு சிக்கலாகவே தோன்றுகிறாள்: அழுக்கானவள், அறியாமை உடையவள், திருத்தப்பட வேண்டியவள். பச்சிளங் குழந்தைகள் தொப்புள்கொடி வழியே வந்த ஜன்னியால் இறந்தது உண்மை. கை கழுவும் பழக்கத்தைக் கற்பித்தது உயிர்காத்த செயல். அதே மூச்சில் அவளது அறிவு முழுவதும் குப்பை என்று ஒதுக்கப்பட்டதும் உண்மை. பயிற்சி பெற்ற செவிலி என்ற புதிய அடையாளம் இந்தத் தாயிக்கு எதிர்ப்பதமாகவே கட்டப்பட்டது. 1908இல் தோன்றிய இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கத்தின் பெயரிலேயே ‘பயிற்சி பெற்ற’ என்ற அடைமொழி இருப்பதைக் கவனியுங்கள். மதிப்புக் குறைவான பணி என்று குடும்பங்கள் தயங்கிய ஒரு வேலையை மதிப்புள்ள தொழிலாக்க, அறிவியலின் சீருடை தேவைப்பட்டது. அச்சீருடையை அணிந்தவள் பாட்டி சொன்ன கைவைத்தியத்தை வார்டுக்குள் எடுத்துவர இயலாது.

மறுபக்கத்தில் உள்நாட்டு மருத்துவர்களின் இயக்கம் எழுந்தது. 1921இல் சென்னை மாகாண அரசு முகமது உஸ்மான் தலைமையில் குழு அமைத்தது, கேப்டன் சீனிவாசமூர்த்தி அதன் செயலாளர், 1923இல் அறிக்கை. வங்கத்திலும் பஞ்சாபிலும் ஐக்கிய மாகாணத்திலும் இதே விவாதம் நடந்தது. கல்லூரி வேண்டும், பதிவு வேண்டும், பட்டம் வேண்டும் என்ற கோரிக்கைகள் அனைத்தும் வைத்தியரைப் பற்றியவை. சரகம் சொன்ன நான்கு கால்களை மேடைகளில் முழங்கிய இயக்கம், பேணுபவர் என்ற காலுக்கு எத்தகைய கல்வி வேண்டும் என்பதில் காட்டிய அக்கறை மிகச் சொற்பம். மருத்துவர் யார் என்பதே போட்டி. மருந்தைக் கையில் எடுத்து வாயில் ஊட்டுபவர் யார் என்பது இரு தரப்பாருக்கும் உறுத்தாத வினா.

அந்த வினாவின் முழு எடையையும் காட்டும் நிகழ்ச்சி 1944 பிப்ரவரியில் புணேயின் ஆகா கான் மாளிகையில் நடந்தது. 1942 ஆகஸ்டு முதல் காந்தியோடு சிறையிருந்த கஸ்தூரிபா இதய நோயில் படுத்திருந்தார். உடனிருந்த அலோபதி மருத்துவர்கள் இருவர்: டாக்டர் கில்டர், டாக்டர் சுசீலா நய்யார். இருவருமே கைதிகள். இயற்கை மருத்துவர் தின்ஷா மேத்தா அழைக்கப்பட்டார். கஸ்தூரிபாவின் விருப்பத்துக்கிணங்க ஆயுர்வேத வைத்தியரும் வேண்டும் என்று காந்தி அரசுக்குக் கடிதங்கள் எழுதினார். தாமதத்துக்குப் பின் லாகூர் வைத்தியர் பண்டித சிவ சர்மா வந்தார். இரவில் உள்ளே தங்க முதலில் அனுமதி இல்லாமையால், அழைத்த நேரத்தில் கிடைக்க வேண்டுமென்று அவர் வாயிலுக்கு வெளியே தம் காரில் உறங்கினார். வைத்தியர் பொறுப்பேற்றபோது அலோபதி மருத்துவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். சில நாள்களுக்குப் பின் வைத்தியர் தம்மால் இயலவில்லை என்று ஒப்படைத்தபோது அவர்கள் மீண்டும் பொறுப்பேற்றார்கள். இறுதியில் பென்சிலின் தருவிக்கப்பட்டது. ஊசி போட வேண்டாம் என்று காந்தி தடுத்தார். பிப்ரவரி 22 அன்று கஸ்தூரிபா உயிர்நீத்தார்.

இந்நிகழ்ச்சி வழக்கமாகக் காந்தியின் பிடிவாதத்துக்குச் சான்றாகவோ, அரசின் கொடுமைக்குச் சான்றாகவோ எழுதப்படுகிறது. வேறொன்றைப் பார்க்குமாறு கேட்கிறேன். மருத்துவர்கள் மாறினார்கள், முறைகள் மாறின, ஒருவர் வந்தால் மற்றவர் விலகினார். விலகாமல் இருந்தவர்கள் பணிவிடை செய்தவர்கள்: இளம் மனு, அதற்காகவே அங்கு மாற்றப்பட்ட பிரபாவதி, மற்றும் மருத்துவராகவும் தாதியாகவும் ஒருங்கே இருந்த சுசீலா. நேற்று எந்த மருந்து உள்ளே போனது, இன்று எதை நிறுத்தினார்கள், சிறுநீர் எவ்வளவு குறைந்தது என்ற தொடர்ச்சி அவர்களிடமே இருந்தது. ஒரே உடலில் மூன்று முறைகள் சந்திக்கும்போது, அச்சந்திப்பை முழுமையாகக் காண்பவர் படுக்கையருகே இருப்பவர் மட்டுமே. காந்திக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் சிறு தரும மருத்துவமனை ஒன்றில் நாள்தோறும் பணிசெய்தவர்; 1899இல் போயர் போரில் ஆம்புலன்ஸ் படை அமைத்தவர்.

ஈராண்டுகள் கழித்து, 1946இல், மூன்று செயல்கள் நிகழ்ந்தன. ஜோசப் போர் தலைமையிலான சுகாதாரக் குழு தன் அறிக்கையை அளித்தது. தில்லியிலும் வேலூரிலும் இந்தியாவின் முதல் செவிலியர் பட்டப்படிப்புகள் தொடங்கின. உள்நாட்டு மருத்துவ முறைகளை ஆராய கர்னல் சோப்ரா தலைமையில் குழு அமைக்கப்பட்டது. மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் படிப்பவர் அரிது. வைத்துப் பார்த்தால் ஒன்றையொன்று காணாமல் கடந்து செல்வது புலப்படும்.

போர் குழுவின் எண்கள் இன்றும் அதிர்ச்சி தருபவை. ஏறத்தாழ 30 கோடி மக்களுக்கு 7,000 செவிலியர். அதாவது 43,000 பேருக்கு ஒருவர். மருத்துவர் நிலை அத்துணை மோசமன்று: 6,300 பேருக்கு ஒருவர். 1971க்குள் 500 பேருக்கு ஒரு செவிலியர் என்ற இலக்கை அக்குழு வைத்தது. உள்நாட்டு மருத்துவ முறைகளை மதிப்பிடும் நிலையில் தாம் இல்லை என்று கூறி அதை மாகாணங்களுக்கு விட்டுவிட்டது. 1948இல் வந்த சோப்ரா அறிக்கையோ இரு மருத்துவத்தையும் ஒன்றிணைத்த ஒரே கல்வி வேண்டும் என்றது; அரசு அதை ஏற்று நடத்தவில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் காந்தியின் அணுக்கத் தோழர். ஆயினும் அரசு மருத்துவக் கல்வியில் நவீன மருத்துவத்தின் பக்கமே நின்றார். தில்லிச் செவிலியர் கல்லூரி பின்னாளில் அவர் பெயரையே தாங்கியது. 1947 டிசம்பர் 31இல் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் வந்தது. 1970இல் இந்திய மருத்துவத்துக்கும் 1973இல் ஓமியோபதிக்கும் மத்திய மன்றச் சட்டங்கள் வந்தன. இந்தியச் செவிலியத்தின் நூற்றாண்டு வரலாற்றை எழுதிய மெடலின் ஹீலி, மருத்துவர்களின் நிழலிலும் அரசின் அலட்சியத்திலும் செவிலியர் தலைமை எவ்வாறு முடங்கியது என்று விரிவாகக் காட்டுகிறார். அதனோடு நான் சேர்க்க விரும்புவது ஒன்று: மருத்துவங்கள் தனித்தனிச் சட்டங்களாகப் பிரிந்தபோது, செவிலியர் ஒரு பக்கத்துச் சட்டத்துக்குள் மட்டுமே வைக்கப்பட்டார்கள். ஆயுர்வேத மருத்துவமனைகளில் அப்பணியைச் செய்தவர்கள் மாநிலங்கள் தத்தம் வழியில் உருவாக்கிய பட்டயங்களோடு, பல இடங்களில் ‘கம்பவுண்டர்’ என்ற பெயரோடு, அடுத்த வீட்டில் இருந்தார்கள்.

‘மாற்று’ என்ற சொல்லுக்கு இப்போது வருவோம். அது வந்த வழி அமெரிக்கா.

1993இல் டேவிட் ஐசன்பெர்கும் குழுவினரும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கர்களில் மூவரில் ஒருவர், துல்லியமாக 34 விழுக்காட்டினர், ஓராண்டில் வழக்கத்துக்கு மாறான ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பயன்படுத்தியதாகக் கூறியது. வழக்கத்துக்கு மாறானது எது? அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் பரவலாகக் கற்பிக்கப்படாதது, அமெரிக்க மருத்துவமனைகளில் பொதுவாகக் கிடைக்காதது. இதுவே வரையறை. அந்நாட்டுக்கு அது பொருந்தும். இதை எடுத்து வந்து, ஆயுர்வேதத்துக்கு ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பும் அரசுக் கல்லூரிகளும் சட்டப் பதிவும் உள்ள ஒரு நாட்டில் பொருத்தினால் என்ன மிஞ்சும்? அரசு தானே நடத்தும் மருத்துவமனையின் ஒரு பிரிவு ‘மாற்று’. அடுத்த பிரிவு வழக்கம். ‘அலோபதி’யின் கதையும் இப்படித்தான்: ஓமியோபதியின் தந்தை ஹானிமன் எதிராளிகளை இகழ உருவாக்கிய சொல், இங்கே பெயர்ப்பலகையில் பெருமையோடு நிற்கிறது.

அமெரிக்கச் செவிலியத்தில் இச்சொல் வேரூன்றியதில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு இருந்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் செவிலியப் பேராசிரியர் டோலோரஸ் கிரீகர், டோரா குன்ஸ் என்பவரோடு சேர்ந்து, 1970களின் தொடக்கத்தில் ‘சிகிச்சைத் தொடுகை’ என்ற முறையை உருவாக்கினார். பெயர் தொடுகை, உண்மையில் தொடுவதில்லை. உடலுக்குச் சில அங்குலங்கள் மேலே கைகளை அசைத்து நோயாளியின் ஆற்றல் புலத்தைச் சீராக்குவதாகக் கூறப்பட்டது. அந்த ஆற்றலை விளக்க கிரீகர் எடுத்துக்கொண்ட சொல் பிராணன். டோரா குன்ஸ் அமெரிக்கத் தியசாபிகல் சங்கத்தின் தலைவராக இருந்தவர். அச்சங்கத்தின் உலகத் தலைமையகம் 1882 முதல் அடையாறு. ஆக, யோக நூல்களின் ஒரு கருத்து தியசாபி வழியே கடல் கடந்து, நியூயார்க்கில் செவிலியப் பாடமாகி, அமெரிக்காவெங்கும் ஆயிரக்கணக்கான செவிலியர் பயிலும் முறையாயிற்று.

அது ஏன் அவ்வளவு வேகமாகப் பரவியது என்பதற்குச் செவிலியர் தொழிலின் உள்வரலாறே விடை. மருத்துவரின் கட்டளையின்றிச் செவிலி தன் கையாலேயே செய்யக்கூடிய ஒரு சிகிச்சை அது. தனக்கென ஓர் அறிவுப்புலம் வேண்டும் என்ற ஏக்கம் அதில் நிறைவேறியது. அந்த ஏக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் உண்மை வேறு. 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஓர் ஆய்வு வந்தது. எமிலி ரோசா என்ற சிறுமி ஒன்பது வயதில் பள்ளி அறிவியல் திட்டத்துக்காகத் தொடங்கியது. ஓர் அட்டைத் தடுப்பு. மறுபுறம் அமர்ந்த சிகிச்சையாளர் இரு கைகளையும் துளைகள் வழியே நீட்டுவார். சிறுமி தன் கையை அவற்றுள் ஒன்றின் மேல் வைப்பாள். எந்தக் கைக்கு மேல் ஆற்றல் புலம் தெரிகிறது என்று அவர் சொல்ல வேண்டும். 21 பேர், 280 முயற்சிகள், சரியான விடை 44 விழுக்காடு. காசு சுண்டியிருந்தால் 50 கிடைத்திருக்கும்.

இந்தப் பயணத்தின் கடைசிக் கட்டம் நமக்கு முக்கியமானது. புறப்பட்ட பிராணன், ‘நிரப்பு சிகிச்சை’ என்ற மேற்கத்திய முத்திரையோடு, செவிலியப் பாடநூல்கள் வழியே இந்திய வகுப்பறைக்குத் திரும்பி வந்தது. வினாப்பட்டியலில் சிகிச்சைத் தொடுகையும் நறுமணச் சிகிச்சையும் ஆயுர்வேதத்துக்குப் பக்கத்தில் ஒரே எண்வரிசையில் நிற்பது அதனால்தான்.

அரசுத் தரப்பின் கதையை விரைந்து சொல்லிவிடலாம். 1995இல் இந்திய மருத்துவத்துக்கும் ஓமியோபதிக்கும் தனித் துறை. 2003இல் அதற்கு ஆயுஷ் என்று பெயர். 2014 நவம்பரில் தனி அமைச்சகம். 2005இல் தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் ஆயுஷை நீரோட்டத்தில் இணைப்பது என்று அறிவித்தது. ஒரே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரு மருத்துவர்கள் அமர்ந்தார்கள். இருவருக்கும் ஒரே செவிலியர். ஆஷா பணியாளரின் மருந்துப் பெட்டியிலும் இருவகை மருந்துகளும் வைக்கத் திட்டமிடப்பட்டது. செவிலியர் பட்டப்படிப்பில் இதற்கான தயாரிப்பு என்ன? மருந்தியல் பாடத்தின் இறுதிப் பகுதியாக, ஆயுர்வேதம், ஓமியோபதி, யுனானி, சித்த மருந்துகளுக்கு ஓர் அறிமுகம். தேர்வு நெருங்கும் நேரத்தில் வருகிற கடைசிப் பகுதிக்கு வகுப்பறையில் என்ன கதி நேரும் என்று ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்பதற்கு வருகிறேன். ஐசன்பெர்கின் ஆய்வில் 34 விழுக்காட்டை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது மற்றோர் எண்: அப்படிப் பயன்படுத்தியவர்களில் 72 விழுக்காட்டினர் அதைத் தம் மருத்துவரிடம் சொல்லவில்லை. நம் நாட்டு நோயாளிக்கும் இந்த மௌனம் புதிதன்று. ‘நாட்டு மருந்தா சாப்பிட்டாய்?’ என்று அதட்டும் குரலை ஒருமுறை கேட்டவர் மறுமுறை வாய் திறக்கமாட்டார்.

மௌனத்தின் விலை உண்மையானது. அதிமதுரம் நீண்ட நாள் உட்கொண்டால் பொட்டாசியம் குறைந்து இரத்த அழுத்தம் ஏறும்; டிஜாக்ஸின் எடுக்கும் இதய நோயாளிக்கு அது ஆபத்து. சர்க்கரை குறைக்கும் மாத்திரையோடு பாகற்சாறும் வெந்தயமும் சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். 2004இல் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக ராபர்ட் சேப்பரின் குழு கண்டது. கோவிட் காலத்தில் கிலோய் என்று வடக்கே அழைக்கப்படும் சீந்தில் வீட்டுக்கு வீடு கொதித்தது. 2021இல் மும்பை மருத்துவர்கள் சீந்தில் உட்கொண்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பைப் பதிவு செய்தார்கள். மறு ஆண்டு 13 மையங்களின் ஆய்வு அத்தகைய 43 பேரைப் பதிவு செய்தது. ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது: சீந்தில் பாதுகாப்பானது, அதை ஒத்த வேறொரு கொடி தவறுதலாகப் பயன்பட்டிருக்கலாம் என்றது. இப்பூசலில் எந்தக் கட்சி சரி என்று தீர்ப்பதற்கும் முதலில் வேண்டுவது ஒன்றே: அந்நோயாளி எதை, எவ்வளவு, எத்தனை நாள் குடித்தார் என்ற குறிப்பு. அதை எடுக்கக்கூடியவர் யார்?

மறுபக்கமும் உண்டு. சர்ப்பகந்தி வேரை 1931இல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இரத்த அழுத்தத்துக்குப் பரிந்துரைத்தார்கள். 1949இல் மும்பையின் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் இதய இதழில் எழுதினார். 1952இல் அதிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டது. நாட்டு மருந்து எல்லாம் நஞ்சு என்று கற்பித்தால் மாணவிக்கு இந்த வரலாறு விளங்காது. எல்லாம் இயற்கை, ஆகவே தீங்கில்லை என்று கற்பித்தால், ரெசர்பின் சிலருக்கு மனச்சோர்வைத் தந்தது என்ற பிற்பகுதி விளங்காது.

செவிலியர் மாணவியர் இவ்விரு உலகங்களுக்கும் நடுவே ஏற்கெனவே வாழ்பவர்கள். நாடெங்கும் செவிலியராகச் செல்லும் கேரளப் பெண்களை எண்ணிப் பாருங்கள். பேறுகாலப் பின்கவனிப்பைப் பாடநூலில் படிப்பவள், தன் அக்காவுக்கு வீட்டில் எண்ணெய்க் குளியலும் லேகியமும் நடப்பதைப் பார்த்திருக்கிறாள். எதில் எது உதவுகிறது, எது கெடுக்கிறது என்ற கேள்வி அவளுக்குள் இருக்கிறது. வினாப்பட்டியல் அவளது ‘மனப்பாங்கு’ சாதகமா பாதகமா என்று கேட்கிறது. அவள் அறிந்ததை ஒருபோதும் கேட்பதில்லை. என் மதிப்பீட்டில் இவ்வாய்வுகளின் பெருங்குறை, புள்ளியியல் எதுவுமன்று. மாணவியை அறிவின் ஊற்றாகக் கொள்ளாமல், நிரப்பப்பட வேண்டிய பாத்திரமாகக் கொள்வதே.

முதுநிலை ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவியர் சிலர் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சில சொற்கள். ‘மாற்று மருத்துவம்’ என்ற சொல்லை வினாவிலிருந்து எடுத்துவிடுங்கள். காலையில் வெறும் வயிற்றில் என்ன குடிக்கிறீர்கள், காய்ச்சல் வந்தால் முதல் நாள் என்ன செய்வீர்கள், மாதவிடாய் வலிக்கு வீட்டில் என்ன தருவார்கள் என்று பொருள்களின் பெயரால் கேளுங்கள். உள்நோயாளியிடமும் அவ்வாறே கேட்டு, வந்த விடையைச் சேர்க்கைக் குறிப்பில் எந்த இடத்தில் எழுதினீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலான படிவங்களில் அதற்கு இடமே இராது. ஆயுர்வேத, சித்த, யுனானி, ஓமியோபதி மருந்துகளின் பக்கவிளைவைப் பதிவு செய்ய 2018இல் ஆயுஷ் அமைச்சகம் தில்லியின் அகில இந்திய ஆயுர்வேத நிறுவனத்தைத் தேசிய மையமாகக் கொண்டு ஒரு கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. நவீன மருந்துகளுக்கு அத்தகைய திட்டம் 2010 முதல் இருக்கிறது. அதன் படிவத்தைச் செவிலியரும் நிரப்பலாம். இவ்விரு படிவங்களையும் மாணவியருக்குக் கையில் கொடுத்துக் காட்டும் கல்லூரிகள் எத்தனை என்பது, ஓர் ஆய்வேட்டுக்குப் போதுமான தலைப்பு.